தொட்டி தின்னது போக

ஏண்டா அப்பு, பூந்தொட்டிக்குள்ள கண்ணாடித் துண்டை ரெண்டு கையாலயும் அள்ளி அள்ளிப் போடுறியே, எம்புட்டுடான்னு கேட்டா ‘ஒரு அளவா’ங்கிற. அந்த ஒரு அளவு எந்தக் கடையில விக்குதுன்னு சொல்லு, நானும் வாங்கிக்கிறேன். கம்ப்யூட்டர்ல கணக்குப் பாக்குற உத்தியோகம், சம்பளம் டாலர்ல, ஆனா தராசைத் தொட்டா மட்டும் கை கூசுது. உடனே அடுக்களைப் பக்கம் பாக்காத. அது உன் பொண்டாட்டி கேக்குக்கு மாவு நிறுக்கிற தராசு. மாவுல ஒரு கண்ணாடித் துணுக்கு விழுந்துச்சுன்னா உன்னோட சேத்து என்னையும் காருக் கொட்டகையில படுக்க வச்சிருவா. தனியா ஒண்ணு வாங்கு. சூளை வாங்கக் காசு இருந்துச்சுல்ல?

நான் மானாமதுரைக்காரன். மண்ணைச் சுட்டவன், கண்ணாடியைச் சுட்டவன் இல்ல. உங்க போர்ட்லாண்டுல 1974-ல மூணு பேரு சேந்து ஆரம்பிச்ச புல்ஸ்ஐ கம்பெனி போட்டிருக்க தாளை, மூக்குக்கண்ணாடியை மாட்டி உக்காந்து எழுத்துக்கூட்டிப் படிச்சிருக்கேன், அம்புட்டுதான் என் கண்ணாடிப் படிப்பு. ஆனா ஒண்ணு கேக்குறேன். நீ கண்ணாடியை நம்பியா சூளையை மூடுற? தொட்டியை நம்பி மூடுற. தொட்டி என் சோலி. அதுல வாய் திறக்க எனக்கு உரிமை உண்டு.

சங்கதி என்ன? அடியில ஓட்டை உள்ள மண்தொட்டி. அதை முட்டுக் கொடுத்து உசரத்துல உக்கார வைக்கிற. உள்ள ஒடைஞ்ச கண்ணாடி, கீழ கண்ணாடி ஒட்டாம இருக்க கில்ன் வாஷ் பூசுன ஷெல்ஃப். மூடிட்டு 900 டிகிரி செல்சியஸ் வரைக்கும், அதுக்குக் கொஞ்சம் மேலயும் ஏத்துனா கண்ணாடி எளகி, ஓட்டை வழியா வடிஞ்சு, ஷெல்ஃபுல வட்டமா பரவி ஒரு தட்டாகுது. கலரெல்லாம் ஒண்ணை ஒண்ணு சுத்திக்கிட்டு நீ நெனச்சது ஒண்ணு, வந்தது ஒண்ணுன்னு நிக்குது. இதுல உன் கையில இருக்கிறதெல்லாம் மூடியைச் சாத்துறதுக்கு முன்னாடிதான். சாத்திட்டா நீ வேடிக்கை பாக்க வந்த ஆளு. அதனால சாத்துறதுக்கு முன்னாடி உள்ளதைத்தான் அதிகம் சொல்லுவேன். மிச்சத்தை அய்யனார் பாத்துக்குவாரு.

மொதல்ல அளவு. சுத்தி வரப்பு எதுவும் கட்டாம விட்டா, உருகுன கண்ணாடி தன் இஷ்டத்துக்குப் பரவி, சுமார் 6 மில்லிமீட்டர் கனத்துல நின்னுக்கும். அதோட பாரம் பரவு பரவுன்னு அமுக்குது, மேல்தோலோட இழுவிசை பரவாதடான்னு சுருட்டிப் பிடிக்குது. ரெண்டும் சரிக்குச் சரியா நிக்கிற இடம் அந்த 6 மில்லி. நீ கூட ரெண்டு கை போட்டா தட்டு கனக்கும்னு நெனக்கிறல்ல? கனக்காது. அகலும். நீ மாட்டப்போற இடமே இதுதான்.

கண்ணாடி ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.5 கிராம். உனக்கு 30 சென்டிமீட்டர் தட்டு வேணும்னு வை. பாதி 15. பதினஞ்சைப் பதினஞ்சால பெருக்கு, அதை 3.14-ஆல பெருக்கு, கனம் 0.6-ஆல பெருக்கு. 424 கன சென்டிமீட்டர் வருதா? அதை 2.5-ஆல பெருக்குனா 1,060 கிராம். இதே கணக்குல 25 சென்டிமீட்டர் தட்டுக்கு 736 கிராம், 20-க்கு 471. அகலம் 20-லருந்து 30 ஆனா கண்ணாடியும் ஒன்றரை மடங்குன்னு போட்டுராத. ரெண்டே கால் மடங்கு ஆகுது பாரு. எட்டாங்கிளாஸ்ல வாத்தியார் இதைத்தான் நடத்துனாரு, நீயும் தலையை ஆட்டிட்டுத்தான் வந்திருப்ப.

இப்ப நீ ‘இருக்கட்டும்’னு அள்ளி வச்சிருக்கியே, அதை நிறுத்துப் பாத்தேன், ரெண்டு கிலோ இருக்கு. ரெண்டு கிலோன்னா 800 கன சென்டிமீட்டர். 6 மில்லி கனத்துல அது பரவுற வட்டம் 41 சென்டிமீட்டர். உன் ஷெல்ஃபு 38. மிச்ச மூணு சென்டிமீட்டர் எங்கிட்டுப் போகும்? வெக்கப்பட்டு ஓரத்துல நின்னுக்குமா? விளிம்பைத் தாண்டி வடிஞ்சு, சூளைத் தரையில உள்ள வெள்ளைச் செங்கலைக் கடிச்சுப் பிடிச்சுக்கும். அப்புறம் உளி வச்சுச் செதுக்குனா செங்கலும் சேந்துதான் வரும். அந்தச் செங்கல் என்ன விலைன்னு உன் வீட்டுக்காரிக்குத் தெரியாதுங்கிற தைரியத்துல அள்ளிப் போடுற, எனக்குத் தெரியும்.

கனமாத்தான் வேணும்னு அடம்பிடிச்சா வரப்பு கட்டு. 20-க்கு 20 சதுரம், ஒரு சென்டிமீட்டர் கனம்: 400 கன சென்டிமீட்டர், நேரா ஒரு கிலோ. பெருக்கச் சோம்பேறித்தனப்படுறவனுக்குன்னே அமைஞ்ச அளவு. வட்ட வளையம் 25 சென்டிமீட்டர், 12 மில்லி கனம்னா 1,473 கிராம். வரப்புக்கு உள்பக்கம் ஃபைபர் பேப்பர் வைப்பியே, அதை வச்ச பெறகு உள்ளளவை எடு. முந்தியே எடுத்தா கணக்குத் தட்டும். வரப்பைச் சுத்தி முட்டும் கொடுத்துரு. உருகுன கண்ணாடி தள்ளுற தள்ளுல சும்மா வச்ச செங்கல் நகந்துரும்.

இதுக்கெல்லாம் மேல, தொட்டி தன் பங்கை எடுத்துக்கும். நீ போட்ட கண்ணாடி முச்சூடும் கீழ இறங்கும்னு எவன் சொன்னான்? உள்சுவத்துல ஒரு பூச்சு ஒட்டிக்கிட்டு நிக்கும். அடிமூலையில கொஞ்சம் தேங்கும். சின்னத் தொட்டியே 100 கிராம் பக்கமா அமுக்கிக்கும், பெரிசுன்னா அதுக்கு மேல. இதுக்குப் பொத்தாம்பொதுவா ஒரு நம்பர் சொல்லச் சொல்லாத. காஞ்ச தொட்டியை மொதல்ல நிறுத்து, பென்சிலால அடியில எழுதிவை. சுட்டு ஆறுன பெறகு திரும்ப நிறுத்துப் பாரு. கூடியிருக்கிற எடைதான் தொட்டி தின்னது. அடுத்தவாட்டி அதே தொட்டி, அதே சூட்டுக்கு, தட்டோட கணக்குல அதைக் கூட்டிக்க. 30 சென்டிமீட்டர் தட்டுக்கு 1,060, தொட்டிக்கு 100, ஆக 1,160 போடணும். கோயில்ல பூசாரி பங்கு எடுத்து வைக்கலைன்னா என்ன நடக்கும்னு உனக்கே தெரியும்.

அம்புட்டும் தொட்டிக்குள்ள கொள்ளுமான்னு பாத்தியா? ஓட்டையை விரலால அடைச்சு, தண்ணி ஊத்தி அள. 1,160 கிராம் கண்ணாடி உருகிக் கட்டியா நின்னா 464 மில்லி இடந்தான் பிடிக்கும். ஆனா நீ போடுறது கட்டியில்ல, ஒடைஞ்ச சில்லு. சில்லுக்குச் சில்லு நடுவுல காத்துதான் பாதி. ஆகவே 900 மில்லிக்கு மேல தண்ணி கொள்ளுற தொட்டியா பாத்து எடு. சின்னத் தொட்டியில கோபுரமா குவிச்சு வச்சா, எளகும்போது ஓரத்துச் சில்லு சரிஞ்சு வெளிய விழும். தட்டு மேல தனியா ஒரு குன்னு நிக்கும், அதைப் பாத்துட்டு ‘மாடர்ன் ஆர்ட்’னு சொல்லுவ. தண்ணி ஊத்தி அளந்த தொட்டியை அப்படியே சூளையில வச்சுராதப்பா. ஈரத் தொட்டியைச் சுடுற அவசரம் எங்க தெருவுல பச்சைப்பிள்ளைக்குக் கூடக் கெடையாது.

தொட்டியை வாங்கும்போதே தட்டிப் பாத்தியா? பாத்திருக்க மாட்ட. கடையில பார்கோடைத்தான் பாத்திருப்ப. விளிம்பை ரெண்டு விரலால தளர்த்திப் பிடிச்சுத் தூக்கி, முட்டி வச்சுத் தட்டணும். ‘ணங்’குன்னு இழுத்துச் சத்தம் வந்தா நல்லது. ‘டொப்’புன்னு அடங்குச்சுன்னா எங்கயோ மயிர்க்கீறல் இருக்கு. கண்ணுக்குத் தெரியாது, 900-ல தெரிய வரும். கடம் செய்யிற ஊருல பொறந்தவன் சொல்றேன், கண்ணு ஏமாத்தும், காது ஏமாத்தாது. மெருகு பூசுன தொட்டியும் வேண்டாம், பெயிண்ட் அடிச்ச தொட்டியும் வேண்டாம். வெறும் செம்மண் தொட்டி போதும். உள்பக்கம் கில்ன் வாஷ் பூசலாமான்னு கேட்டியே, பூசாத. உரிஞ்சு கண்ணாடியோட இறங்கி, தட்டுக்குள்ள வெள்ளைப் பொடியா நிக்கும். சூட்டையும் பைய ஏத்து, மணிக்கு 100-லருந்து 150 டிகிரி. 573-ல மண்ணுக்குள்ள இருக்கிற குவார்ட்ஸ் சட்டுனு உப்பும். அந்த இடத்தைத் தாண்டுற வரைக்கும் மண்ணுக்கு அவசரம் ஆகாது. வெரசா ஏத்துனா தொட்டி ரெண்டா பொளந்து, மொத்தமும் ஒரே கொட்டா கொட்டிரும். கோலம் போட வந்த இடத்துல குப்பை கொட்டுன கதைதான்.

இனி ஓட்டத்துக்கு வா. ஓட்டையைப் பத்தி உனக்கு ரொம்ப அலட்சியம். கடையில இருந்த ஓட்டைதானன்னு விட்டுர்ற. அப்பு, அந்த ஓட்டைதான் இந்த வீட்டு எஜமான். ஓட்டை ரெண்டு மடங்கு அகலமானா கண்ணாடி ரெண்டு மடங்கு வெரசா இறங்கும்னு நெனக்காத. பிசுபிசுன்னு உள்ள பண்டம் ஓட்டையில இறங்குற கணக்கு வேற. குறைஞ்சது எட்டு மடங்கு கூடும், தொட்டியோட அடி தடிப்பா இருந்தா அதுக்கும் மேல. 12 மில்லி ஓட்டைக்கும் 24 மில்லி ஓட்டைக்கும் நடுவுல உள்ளது அதுதான். 24-ல மொத்தமா இறங்கி, கலர் சுத்துறதுக்கு நேரமே இல்லாம திட்டுத் திட்டா பரவும். 6 மில்லின்னு சிறுசா வச்சா சொட்டுறதுக்குள்ள உன் சூளை விடிய விடிய கரண்டைக் குடிக்கும். 10-லருந்து 12 மில்லியில ஆரம்பி. பெருசாக்கணும்னா தொட்டியை நனைச்சு, செங்கல் துளைக்கிற டிரில் பிட்டைப் போட்டு, சுத்தியல் அடி இல்லாம பைய சுத்து. அப்புறம் நல்லாக் காயவை. ரெண்டு மூணு ஓட்டை போட்டா ரெண்டு மூணு சுழியும் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு நிக்கும், அதுவும் பாக்க நல்லாத்தான் இருக்கு. கண்ணாடி அடுக்கும்போது ஓட்டை மேல அதைவிடப் பெரிய ஒரு துண்டை வை. இல்லாட்டி பொடிச் சில்லு எளகுறதுக்கு முந்தியே கீழ நழுவி, ஷெல்ஃபுல போயி உக்காந்துக்கும்.

அடுத்தது உசரம். கரண்டியில தேனை எடுத்து உசரத்துலருந்து ரொட்டி மேல விடுறியே, நூலா இறங்கி, கீழ தொட்டதும் தானா சுருள் சுருளா சுத்துதுல்ல? கண்ணாடியும் அதையேதான் பண்ணும். தொட்டியைத் தாழ்வா வச்சா தடிச்சு இறங்கி வட்டம் வட்டமா பரவும். உசத்துனா நூல் மெலிஞ்சு சுருள் சுருளா விழும், கோடு நுணுக்கமா வரும். 10-லருந்து 20 சென்டிமீட்டருக்குள்ள வச்சுப் பாரு. ஆனா தொட்டியோட தலை மூடியில உள்ள கம்பிச்சுருளுக்கு இடிக்கிற கிட்டத்துல போச்சுன்னா, ஒரு பக்கம் மட்டும் காஞ்சு கீறிக்கும். தொட்டி உசரத்தையும் இடைவெளியையும் கூட்டி, உன் சூளையோட உள்ளுசரத்துல அடங்குமான்னு வாங்குறதுக்கு முன்னாடியே பாத்திருக்கணும். சூளை வாங்குன அன்னைக்கு நீ அதோட கலரைத்தான் பாத்த.

சூடு மூணாவது. 815-ல கண்ணாடி எளகி ஒட்டும், ஆனா ஓட்டை வழியா இறங்க மாட்டேன்னு முறுக்கிக்கும். 900-லருந்து 927-க்குள்ள வச்சா இறங்கும். 927-ங்கிறது உங்க கன்ட்ரோலர் பாஷையில 1,700 ஃபாரன்ஹீட். அதுல ஒண்ணு, ஒன்றரை மணி நேரம் நிறுத்து. நல்லா இறங்கட்டும்னு இன்னும் ஏத்துனா, இன்னும் நேரம் விட்டா, கலரெல்லாம் கரைஞ்சு ஒரே சேத்து நெறம் ஆயிரும். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சளுக்கெல்லாம் அந்தச் சூடே ஆகாது, கருத்துப் போறதும் உண்டு. ஒரே தொட்டியில எல்லாக் கலரும் ஒரே மாதிரி ஓடாதுங்கிறதையும் பாத்துக்க. பால்வெள்ளை முரட்டுப்பய, பைய நகருவான். கருப்பு இளகுன மனசுக்காரன், முந்திக்கிட்டு ஓடி எல்லாத்து மேலயும் பூசிக்குவான். அதனால கருப்பைக் கொஞ்சமா போடு. நெறமில்லாத தெளிஞ்ச கண்ணாடியைப் பாதிக்குப் பாதி போடு. கலருக்குக் காசு கொடுத்துட்டு நெறமில்லாததை எதுக்குப் போடணும்னு உனக்குத் தோணும். அது நடுவுல இருந்தாத்தான் ஒரு கலரு இன்னொரு கலரைத் தொடாம நிக்கும். கந்தகம் சேந்த வெனிலாக் கலரையும் செம்பு சேந்த நீலப்பச்சையையும் பக்கத்துல பக்கத்துல வச்சா, தொடுற இடமெல்லாம் பழுப்புக் கோடு விழும். வேணும்னே வைக்கிறவனும் உண்டு. நீ தெரியாம வச்சுட்டு வேணும்னே வச்சேன்னு சொல்லுவ.

அடுக்குறதுல ஒரு நுணுக்கம் இருக்கு. ஓட்டைக்கு நேர் மேல இருக்கிற நடுத்தூணு மொதல்ல இறங்கும், சுவத்தோரம் இருக்கிறது கடைசியா வரும். கீழ மொதல்ல விழுந்தது பின்னால வர்றதால தள்ளப்பட்டு விளிம்புக்குப் போயிரும், கடைசியா வந்தது நடுவுல உக்காரும். விளிம்புல நீலம் வேணும்னா நீலத்தை நடுத்தூணுல வை. கடைசி நேரத்துல உள்ள கண்ணாடி மட்டம் குறையக் குறைய ஓட்டமும் சோந்து, சொட்டு சொட்டா, அப்புறம் ஒரு மெல்லிய நூலா தொங்கும். நூலு அறுந்து விழுந்து அமுங்குறதுக்குள்ள சூட்டை இறக்குனா, தட்டு நடுவுல ஒரு முள்ளு நிக்கும். அதனால சொட்டு நின்னுருச்சான்னு பாத்துட்டு, 815-க்கு இறக்கி, கொஞ்ச நேரம் மட்டமாக விடு.

விரிவு எண் 90 உள்ள கண்ணாடியையும் 96 உள்ளதையும் ஒரே தொட்டியில போடாதன்னு டப்பாவுலயே போட்டிருக்கான். சூட்டுல விரியிற அளவு வேற வேற, சம்பந்தம் ஒத்துவராது. ஆறும்போதே ஒடையும், இல்ல மாசம் கழிச்சு அலமாரியில சும்மா இருக்கும்போது ‘டிக்’குன்னு ஒடையும். ஜன்னல் கண்ணாடியும் பாட்டிலும் அந்த வீட்டுக்குள்ளயே வரக்கூடாது.

ரசமட்டத்தை ஷெல்ஃப் மேல ரெண்டு பக்கமும் வச்சுப் பாத்தியா? சாய்மானம் இருந்தா வட்டம் வராது, ஒரு பக்கமா ஓடி வெளிய வடியும். அப்புறம் ஒரு நூல்ல நட்டைக் கட்டி, தொட்டி ஓட்டை வழியா தொங்கவிடு. நட்டு ஷெல்ஃபுக்கு நடுவுல நிக்கணும். தொட்டியைக் கண்ணால மையம் பாத்து வைக்கிற உன் திறமையை நான் பாத்திருக்கேன், கல்யாணத்துல மணவறைக்கு நேரா நீ உக்காரலை.

நடுவுல எட்டிப் பாக்க மனசு துடிக்கும். பாக்கலாம், ஆனா மொதல்ல கரண்டை நிறுத்து, தோல் கையுறை போடு, அகச்சிவப்பைத் தடுக்குற கண்ணாடியை மாட்டு, பருத்திச் சட்டையோட நில்லு. நைலான் சட்டை போட்டுக்கிட்டு 900 டிகிரி முன்னால குனியாத. ஒரு விரல்கடை திறந்து ஒரு நொடி பாத்துட்டு மூடு. மூடியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுப் படம் எடுக்காத, ஆறுன காத்து பட்டா தொட்டிக்கு ஆகாது.

ஆத்துறதுலதான் நீ அவசரக்குடுக்கை. புல்ஸ்ஐ கண்ணாடிக்கு 482 டிகிரி, 6 மில்லி கனத்துக்கு ஒரு மணி நேரம், 12 மில்லிக்கு ரெண்டு மணி நேரம் நிறுத்தணும். 12 மில்லின்னா அதுக்கப்புறம் 427 வரைக்கும் மணிக்கு 55 டிகிரிக்கு மேல இறக்கக்கூடாது. தட்டுல எங்க கனம் அதிகமோ அந்தக் கனத்துக்குத்தான் ஆத்தணும், சராசரிக்கு இல்ல. நடுவுல ஒரு மேடு நிக்குதுன்னா மேட்டுக்கு ஆத்து. ஆறட்டும், அதுக்குள்ள போயி வேலையைப் பாரு. ராத்திரி ரெண்டு தடவை எந்திரிச்சு டார்ச் அடிச்சு நம்பர் பாக்குறவன் வீட்டுல நான் தூங்குறதா வேண்டாமா?

திறந்ததும் தொட்டி தானா கீறியிருக்கும், பயப்படாத. உள்ள ஒட்டுன கண்ணாடி ஒரு அளவு சுருங்குது, மண்ணு ஒரு அளவு சுருங்குது. மொதல்ல அதை நிறு, தின்னதை எழுதிக்க. அப்புறம் தூக்கிப் போட்டுரு. நல்லாத்தான இருக்குன்னு இன்னொருவாட்டி ஏத்துனா நடுவழியில ஒடைஞ்சு கொட்டும். ஷெல்ஃபையும் சொரண்டி, கில்ன் வாஷைப் புதுசா பூசு. உருகி ஓடுன கண்ணாடி பழைய பூச்சை அரிச்சு எடுத்திருக்கும். தட்டோட அடியில ஒட்டுன வெள்ளையைத் தண்ணியில ஊறப்போட்டுத் தேய். சொரண்டும்போது மூக்குல முகமூடி இருக்கட்டும், அந்தத் தூசு நெஞ்சுக்கு ஆகாது. விளிம்பு வெட்டும், தண்ணி விட்டுத் தேச்சு மழுக்கு.

அப்பத்தாவுக்கு ஒண்ணு அனுப்புறேன்னியே, தாராளமா அனுப்பு. 30 சென்டிமீட்டர் தட்டு ஒரு கிலோவுக்கு மேல கனக்கும், அந்தப் பார்சல் கூலிக்கு மானாமதுரையில ஒரு வண்டி தொட்டி எறக்கலாம். பேசாம உங்கப்பன் ஊருக்கு வர்றப்ப பெட்டியில துணிக்கு நடுவுல வச்சுக் கொடுத்துவிடு. அவ அதைச் செவுத்துல மாட்ட மாட்டா, வெத்தலைதான் வைப்பா. நீ எதுவும் சொல்லிக்காத.